கவுஸ் பாஷாவின் தீனி நோட்டு

கள்ளக்குறிச்சியில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருந்தவர்கள் பல பேர். கேள்வி கேட்டே ஆளைக் கொன்றவர் ஒருவர்தான், கவுஸ் பாஷா. பேரிங் வேண்டும் என்று போய் நின்றால் நம்பரைக் கேட்டு எடுத்துக் கொடுத்து அனுப்புகிற ஆளில்லை அவர். எந்த மிஷினுக்கு, யார் செய்த மிஷின், வாங்கி எத்தனை வருஷம், எத்தனை நாளாக நிற்கிறது, எந்த ஊரிலிருந்து வருகிறாய், கூலியாட்கள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்களா, அவர்களுக்குச் சோறு யார் போடுகிறார்கள்? இத்தனையும் கேட்டு ஒரு நீள நோட்டில் எழுதிக்கொண்ட பிறகுதான் டப்பாவில் கை வைப்பார். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று ஆள் தவித்தாலும் விடமாட்டார்.

“பாயி, பேரிங் கேட்டா ஜாதகம் கேக்குறீங்களே, பொண்ணு கிண்ணு குடுக்கப் போறீங்களா?” என்று கேலி செய்யாத வாடிக்கையாளர் கிடையாது.

“மிஷின் வாங்கறப்போ நீ ஒண்ணுமே கேக்கல. அதான் இப்ப நான் கேக்கற மாதிரி ஆயிப்போச்சு” என்பார் பாயி, நோட்டிலிருந்து பேனாவை எடுக்காமலே.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் போகிற தெருவில் பத்தடிக்குப் பன்னிரண்டடிக் கடை. அவருடைய அத்தா சைக்கிள் சாமான் விற்ற இடம். எழுபத்துநாலில் அத்தா மவுத்தான பிறகு இவர் அதை மோட்டார், இன்ஜின் சாமான் கடையாக மாற்றினார். கோயமுத்தூர் பார்சல் லாரி ஷெட்டுக்கு வந்துவிட்டது என்று தெரிந்தால், கல்யாண வீட்டுச் சீர் வந்ததுபோல ஓடிப்போய்ப் பிரிப்பார். எண்ணெய்த்தாளில் சுற்றிய புதுப் பேரிங்கைக் காதோரம் வைத்துச் சுழற்றிக் கேட்பார். இப்போது அந்த இடத்தில் செல்போன் கடை இருக்கிறது. ஊரும் மாவட்டத் தலைநகரம் ஆகிவிட்டது. ஆகட்டும், நல்லதுதான். ஆனால் எண்பதுகளில் அந்தக் கடை வாசலில் கால் கடுக்க நின்றவர்களுக்கு இன்றைக்கும் கிரீஸ் வாசனை அடித்தால் பாயியின் முகம்தான் ஞாபகத்துக்கு வரும்.

அந்த நீள நோட்டுக்கு அவர் வைத்திருந்த பெயர் தீனி நோட்டு. காரணம் கேட்டால் விளக்கமே தனி. “மாடு வாங்கப் போனா இன்னா கேக்குற? எத்தினி படி கறக்கும், இன்னா தீனி தின்னும், சீக்கு வருமான்னு கேக்குற. மிஷின் வாங்கப் போனா மட்டும் வெலைய கேட்டுட்டு வண்டில ஏத்திக்கினு வந்துடற. அதுவும் தீனி திங்குதுய்யா! புஷ் திங்குது, பெல்ட்டு திங்குது, உன் நாளத் திங்குது. சுண்டைக்கா கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு சும்மாவா சொன்னாங்க?”

இப்படிப் பேசுகிறவருக்கு ஒரு சங்கடம் இருந்தது. மிஷின்கள் எவ்வளவு தின்கின்றனவோ அவ்வளவு கல்லா நிறையும். அவர் மனைவி ரசூல் பீவி இதைச் சொல்லிக் காட்டத் தவறியதில்லை. “டாக்டரு ஆரோக்கியத்தப் பத்திப் பேசலாம். மருந்துக் கடைக்காரன் பேசலாமா?” என்று கேட்டுவிட்டுச் சோற்றைப் போடுவாள். பாயி சோற்றைப் பிசைய ஆரம்பித்துவிடுவார்.

கந்தசாமி என்று ஒரு லேத்துப் பட்டறைக்காரர் இருந்தார். வடக்கனந்தல் ஊர்க்காரர், பட்டறை கள்ளக்குறிச்சியில். கரும்பு ஆட்டுகிற மிஷின் செய்வதில் கெட்டிக்காரர். வெளியூர்ப் பட்டறை ஒன்று மூன்று நாலு வருஷமாகக் குறைந்த விலைக்கு மிஷின் கொண்டுவந்து இறக்க, எண்பத்தஞ்சு வாக்கில் கந்தசாமிக்கு வியாபாரம் படுத்துவிட்டது. அவனைவிட மெலிசாக, அவனைவிடக் கம்மி விலைக்குப் போடலாம் என்று முடிவு செய்து, சாமான் விலை விசாரிக்க பாயிடம் வந்தார்.

பாயி விலை சொல்லவில்லை. தீனி நோட்டை எடுத்து மேசைமேல் போட்டார்.

“படி.”

கந்தசாமி படித்தார். அந்த வெளியூர் மிஷினை வாங்கினவர்கள் முப்பத்துச் சொச்சம் பேர் பக்கம் பக்கமாக இருந்தார்கள். உருளையைத் தாங்குகிற பித்தளை புஷ் தேய்கிறது. புஷ் தேய்ந்தால் உருளை சாய்கிறது. உருளை சாய்ந்தால் பல்சக்கரத்தில் பல் போகிறது. ஒரு பருவத்துக்குச் சராசரி பதினோரு நாள் மிஷின் நிற்கிறது. அந்தப் பதினோரு நாளும் அடுப்புக்காரன், ஆட்டுகிறவன், கரும்பு வெட்டுகிற ஆட்கள் எல்லோருக்கும் கூலி ஓடுகிறது. மூன்று வருஷத்தில் மிஷின் விலைக்கு மேலே இன்னொரு மிஷின் விலை போய்விடுகிறது.

“அட பாவிங்களா! இத்தினி தின்னுதா!” என்றார் கந்தசாமி.

“அத விட கம்மி வெலைல நீ ஒண்ணு போட்டா, அது இன்னும் ஜாஸ்தி திங்கும். திங்காத மிஷினா ஒண்ணு போடு.”

அந்த ஆறு மாசத்தைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். கடையைச் சாத்திவிட்டுப் பாயி நேரே பட்டறைக்குப் போவார். நோட்டில் எது அதிகம் வந்திருக்கிறதோ அதைத்தான் முதலில் கையில் எடுத்தார்கள். பல்சக்கரத்தின் பல் அகலமானது. புஷ் இருந்த இடத்தில் பால் பேரிங் உட்கார்ந்தது. இரண்டு பேரும் டீ கிளாஸை வைத்துக்கொண்டு சண்டை போடுவார்கள், பிறகு அவர்களே சிரிப்பார்கள். அந்த நாட்களில் பாயி இருந்த சந்தோஷத்தை அவர் பெருநாளில்கூட யாரும் பார்த்ததில்லை.

மிஷின் வந்தது. விலை கால்பங்கு அதிகம். ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை.

கடைசியில் வந்தவள் பச்சையம்மாள். கச்சிராயபாளையம் தாண்டி மலையடிவாரத்தில் வீடு. கோமுகி வாய்க்கால் பாசனத்தில் இரண்டரை ஏக்கர் கரும்பு, சொந்தத்தில் வெல்லம் காய்ச்சுகிறவள். புருஷன் மாயவன் சாதுவான மனுஷன். பங்காளி அரங்கநாதன் வாங்கியதுபோல விலை குறைந்த மிஷினே போதும் என்பது அவர் கட்சி. பச்சையம்மாள் அவரைக் கடைக்கு வெளியே நிறுத்திவிட்டு உள்ளே வந்தாள்.

“பாயி, மிஷினப் பத்தி எனுக்கு ஒண்ணும் தெரியாது. உங்க வாய்ல சொல்லுங்க. இது நிக்காம ஓடுமா?”

“ஓடும்மா. வெட்டுன கரும்பு காயற மாதிரி இந்த மிஷின் நிக்காது. நின்னா என்ன வந்து கேளு.”

அந்த ஒரு சொல்லை நம்பி இரண்டு கறவை மாட்டை விற்றாள். வீட்டில் அதற்கு நடந்த சண்டை அடிவாரம் முழுக்கக் கேட்டதாம். அடுத்த தைக்கு மிஷின் ஒரு நாளும் நிற்கவில்லை. அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. பருவத்தின் முதல் கொப்பரையில் பிடிக்கிற முதல் உருண்டை வெல்லம் சாமிக்கு. இரண்டாவது உருண்டை மிஷினுக்கு. மிஷின் வெல்லம் தின்னாது என்பதால் அது செய்தவன் வீட்டுக்குப் போகும். பச்சையம்மாள் அதைக் கந்தசாமிக்கு அனுப்பாமல் பாயிக்கு அனுப்பினாள். “செஞ்சது அவரு. வாக்கு குடுத்தது நீங்க” என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

பாயிக்குத் தலைகால் புரியவில்லை. வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் அந்த உருண்டையைக் காட்டிவிட்டுத்தான் உடைத்தார். அந்த வருஷம் கந்தசாமிக்கு ஒன்பது ஆர்டர் வந்தது.

எண்பத்தேழு, புரட்டாசி பிறக்கிற வாரம். இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரச் சாலை மறியல். தென்னார்க்காடு முழுக்க ரோடு செத்துப்போனது. புளியமரங்கள் தாருக்குக் குறுக்கே விழுந்து கிடந்தன. பஸ் இல்லை, லாரி இல்லை. அங்கங்கே உயிர்கள் போன செய்தியும் வந்துகொண்டிருந்தது. கந்தசாமி பட்டறையைப் பூட்டிவிட்டு முதல் நாளே தன் ஊருக்குப் போய் மறியலில் உட்கார்ந்துவிட்டார். அவர் அக்காள் மகன் இரண்டு வருஷமாகப் பாலிடெக்னிக்கில் இடம் கிடைக்காமல் வீட்டில் இருந்தான். “எங்க புள்ளைங்களும் நாலு எழுத்து படிச்சு நாற்காலில ஒக்காரணும் பாயி” என்று சொல்லிவிட்டுத்தான் போனார். பாயிக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

நாலாம் நாள் காலையில் மாயவன் கடைக்கு முன்னால் வந்து நின்றார். முழங்கால் வரை புழுதி. அத்தனை தூரமும் நடந்தே வந்திருந்தார்.

“மிஷின் நின்னுபோச்சுங்க. மூணு நாளாவுது. மறியலு ரெண்டு நாளுல முடிஞ்சிரும், வெல்லத்த ஏத்தி அனுப்பிடலாம்னு நெனச்சு அரை ஏக்கரு வெட்டிப் போட்டுட்டோம். உருளை சுத்த மாட்டேங்குது. உள்ள பேரிங்கு போயிருக்கும்னு சொல்றாங்க. அவ ஒண்ணுமே பேச மாட்டேங்கறா.”

அந்தக் கடைசி வார்த்தைதான் பாயியைக் குத்தியது. பச்சையம்மாள் பேசாமல் இருக்கிறாள் என்றால் வீட்டில் மற்றவர்கள் எல்லாம் பேசுகிறார்கள் என்று அர்த்தம். விற்ற மாட்டைப் பற்றிப் பேசுவார்கள். பாயி பேச்சைக் கேட்டுக் கெட்டாள் என்பார்கள். அலமாரியிலிருந்து பேரிங் டப்பாவை எடுத்துச் சட்டைக்குள் போட்டார். பேரிங் கழற்றுகிற இழுவைக் கருவியைச் சாக்கில் சுற்றினார். மாயவனைக் கேரியரில் உட்கார வைத்து சைக்கிளை மிதித்தார். “ரோட்ல கல்லு வுடறாங்களாமே!” என்று ரசூல் பீவி வாசல்வரை ஓடிவந்து கத்தினது காதில் விழுந்ததோ இல்லையோ தெரியாது.

வடக்கனந்தல் வரைக்கும் ஏழு இடத்தில் இறங்கி சைக்கிளைத் தூக்கித் தாண்டினார்கள். வடக்கனந்தலில் தாண்ட முடியவில்லை. இரண்டு ஆள் கட்டிப்பிடிக்கிற புளியமரம் கிளையோடு கிடந்தது. முன்னால் நாற்பது ஐம்பது பேர்.

“மறியல்னா மறியலு. சைக்கிளும் போவக்கூடாது. திரும்பு பாயி.”

கூட்டத்தில் இருந்து ஒருத்தர் எழுந்து வந்தார். கந்தசாமி. நாலு நாள் தாடி.

“எங்க பாயி வந்த?”

பாயி சட்டைக்குள் கைவிட்டு பேரிங் டப்பாவைக் காட்டினார். “பச்சையம்மா மிஷினு நின்னுபோச்சுய்யா. மூணு நாளு.”

கந்தசாமி டப்பாவைப் பார்த்தார். மரத்தைப் பார்த்தார். மாயவனின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

“இந்த மரத்த சாச்சது நானு. அந்த மிஷினப் போட்டதும் நானு” என்றார்.

“ரெண்டும் நல்லதுக்குன்னுதான போட்ட. வா, புடி.”

கந்தசாமி கூட்டத்துப் பெரியவரிடம் போய் ஏதோ சொன்னார். அவர் தலையாட்ட, இரண்டு பேர் வந்து சைக்கிளை மரத்துக்கு மேலே தூக்கி அந்தப் பக்கம் இறக்கிவிட்டார்கள். மூன்று பேரும் நடந்தே போனார்கள்.

பொழுது சாய்வதற்குள் போய்ச் சேர்ந்தார்கள். எதிரே கல்வராயன் மலை நீலமாக நின்றது. பச்சையம்மாள் களத்தில் கரும்புக் கட்டுகள் வெளுத்துக் கிடந்தன, புளித்த வாடை அடித்தது. வரப்புக்கு அந்தப் பக்கம் அரங்கநாதன் களத்தில் அந்த விலை குறைந்த வெளியூர் மிஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது!

கந்தசாமி மிஷினைப் பிரித்தார். ஆட்டுகிறபோது தெறிக்கிற கரும்புச்சாறு சொட்டுச் சொட்டாக இறங்கி, கிரீஸைக் கழுவி, பேரிங் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. தைப் பருவம் தாங்கியிருக்கிறது, அடுத்த வெட்டுக்குத் தாங்கவில்லை. அவர் புதுசை மாட்டிக்கொண்டிருக்கும்போது பாயி வரப்பைத் தாண்டி அரங்கநாதனிடம் போனார். அவர் பெயர் தீனி நோட்டில் ஒரு பக்கத்திலும் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

“உங்க மிஷின்ல புஷ்ஷு போவவே இல்லியாங்க?”

“ஏன் போவாம? மூணு தபா போச்சு பாயி. வேலங்கட்டைய எழைச்சு வெளக்கெண்ணெயில ஊறப்போட்டு வெச்சிருக்கறேன். போச்சுன்னா ஒண்ண அடிச்சு ஏத்திடுவேன். ஒரு பருவம் ஓடும். இதுக்கு யாரு கள்ளக்குறிச்சி வருவாங்க?”

பாயி வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். பத்து வருஷமாக எழுதி எழுதித் தள்ளியதெல்லாம் கடைக்கு வந்தவர்களின் கதை. கடைக்கு வராமலே சமாளித்தவன் கதை ஒரு வரி இல்லை. அந்தப் பாதி நோட்டை வைத்துக்கொண்டு ஒருத்தியின் மாட்டை விற்க வைத்துவிட்டார். இதை நினைக்க நினைக்க அவமானமாக இருந்தது அவருக்கு.

இரண்டு மணி நேரத்தில் மிஷின் ஓடியது. ஓடி என்ன செய்ய? நாள்பட்ட கரும்பின் சாறு கொப்பரையில் கறுத்தது, பதம் கூடவில்லை. அரங்கநாதன் களத்திலேயே வெட்டிய கரும்பு குவிந்து கிடந்ததால் அங்கேயும் கொண்டுபோய் ஆட்ட முடியாமல் போயிருந்தது. பாயிதான் பச்சையம்மாளிடம் பேச்சை ஆரம்பித்தார்.

“மிஷின எடுத்துக்கினு போயிடறேம்மா. நீ குடுத்தத முழுசா திருப்பிக் குடுத்துடறேன்.”

“எடுத்துக்கினு போயி இன்னா பண்ணுவீங்க? இன்னொருத்தி தலைல கட்டுவீங்களா?”

பச்சையம்மாள் அரங்கநாதன் களத்துப் பக்கம் கையைக் காட்டினாள்.

“அவுரு மிஷினு மட்டம்தான். ஆனா அதுக்கு மருந்து வூட்லயே இருக்குது. உங்க மிஷினு ஒசத்திதான். மருந்து கள்ளக்குறிச்சில இருக்குது. ரோட்ல ஒரு மரம் வுழுந்தா நாங்க இன்னா பண்றது?” கொப்பரை ஓரத்தில் இருந்து கறுத்த வெல்லத்தைக் கிள்ளி எடுத்து அவர் கையில் வைத்தாள். “எல்லாத்தையும் நோட்டுல எழுதுவீங்களாமே. இதையும் எழுதிக்குங்க.”

பாயி அதை வாயில் போட்டுக்கொண்டார். புளிப்பும் உப்புமாக இருந்தது. துப்பவில்லை, விழுங்கினார்.

மறியல் முடிந்தது, ரோடு திறந்தது. பாயி வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் கடையைத் திறப்பதை விட்டுவிட்டு சைக்கிளை எடுக்க ஆரம்பித்தார். இந்தமுறை கடைக்கு வராதவர்களைத் தேடி. களம் களமாகப் போனார். ஒருநாள் லாரியைப் பிடித்து மலைக்கு மேலே வெள்ளிமலை வரை போய்விட்டு வந்தார். அங்கே சாமை குத்துகிற மிஷின் வைத்திருந்த ஒருவர், “பஸ்ஸு தெனம் ஒருக்கா வருதுங்க, அதுவும் வந்தாத்தான். அதனால ஒடையற சாமான் எதுவுமே நாங்க வெச்சுக்கறதில்ல” என்றார். பாயி அன்றைக்கு நோட்டில் ஒரு புதுக் கோடு போட்டு மேலே ‘தூரம்’ என்று எழுதினார். மிஷின் தின்கிற தீனியில் தூரமும் ஒன்று என்பது அத்தனை நாளும் அவருக்குத் தோன்றவே இல்லை.

கட்டை புஷ்ஷும் மாட்டுகிற மாதிரி மிஷினை மாற்ற வேண்டும் என்று கந்தசாமியிடம் போய்ச் சொன்னபோது அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. “கட்டைய மாட்டறதுக்கா நான் லேத்து வெச்சிருக்கேன்? போ பாயி அந்தாண்ட!” என்று விரட்டினார். நாலு நாள் பேச்சில்லை. ஐந்தாம் நாள் அவரே வந்து சாக்பீஸால் தரையில் வரைந்தார். பேரிங் உட்காருகிற கூட்டை இரண்டாகப் பிளந்து நட்டு போல்ட்டால் இறுக்குவது. மேலே சாறு இறங்காமல் ஒரு தகட்டுக் கூரை. பேரிங் போனால் ஒரே ஸ்பேனரால் கூட்டைத் திறந்து, அதே இடத்தில் கட்டை புஷ்ஷை வைத்து ஓட்டிக்கொள்ளலாம். ஒரு ஜோடிக் கட்டை புஷ்ஷும் ஸ்பேனரும் மிஷின் சட்டத்திலேயே மாட்டித் தரப்படும்.

ரசூல் பீவிக்குக் கணக்கு சட்டென்று புரிந்துவிட்டது. கடையில் அதிகம் விற்றது வெளியூர் மிஷினுக்கான பித்தளை புஷ்தான். “கடைக்கு ஆளே வராத மாதிரி ஒரு மிஷினா? உங்க தலைல நீங்களே மண்ண வாரிப் போட்டுக்கறீங்களே!”

“வாக்குக் குடுத்தது நான்தான பீவி” என்றார் அவர்.

முதலில் பச்சையம்மாள் மிஷினைத்தான் மாற்றினார்கள், காசு வாங்காமல். அவள் ஒரு சொம்பு மோர் கொடுத்தாள், அவ்வளவுதான். நன்றாயிருக்கிறது என்றோ இல்லையென்றோ ஒரு சொல் வரவில்லை. அடுத்த தை வந்தது, வெல்லம் வரவில்லை. பாயி வெளியில் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் கச்சிராயபாளையம் டவுன் பஸ் வருகிற நேரத்தில் அவர் கண் தானாகத் தெருமுனைக்குப் போகும். கந்தசாமியின் புது மிஷின்கள் வரிசையாக விற்றன. புஷ் வைக்கிற அலமாரியில் ரசூல் பீவி ஊறுகாய் ஜாடிகளைக் கொண்டுவந்து வைத்துவிட்டாள். அப்போதும் பாயிக்கு வருத்தம் ஒன்றேதான். அவள் வெல்லம் அனுப்பவில்லையே!

எண்பத்தொன்பது தை பிறந்து நாலாம் நாள், கடை வாசலில் நிழல் விழுந்தது. பச்சையம்மாள். கையில் மஞ்சள் பை.

“இன்னா வேணும்மா? பேரிங்கா?” எழுந்தேவிட்டார் பாயி.

“ஒண்ணும் வேணாம் பாயி.” பையிலிருந்து உருண்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள். பொன்னிறமான வெல்லம். “ரெண்டாவது உருண்டை. போன வருஷம் அனுப்பல. மிஷினு நிக்காதப்போ குடுத்து இன்னா? நின்னா இன்னா ஆவுதுன்னு பாக்கணும்னு இருந்தேன். மார்கழி கடேசில நின்னுச்சு.”

பாயியின் கை தானாக நோட்டை இழுத்தது. பேனாவைத் திறந்தார். “எத்தினி நாள் நின்னுச்சு?”

“நாளா? கூட்ட தொறந்து கட்டைய நானே வெச்சு இறுக்கிட்டேன். அவுரு ஸ்பேனர எடுத்துத்தான் குடுத்தாரு. கொப்பரைல கொதிச்சிக்கினு இருந்த சாறு பொங்கறதுக்குள்ள மிஷினு ஓடுச்சு.”

பாயி குனிந்து எழுதினார். பச்சையம்மாள், மலையடிவாரம். போனது பேரிங். தூரம் என்ற கோட்டுக்குக் கீழே, ‘வீட்டிலேயே’. நின்ற நாள் என்ற கோட்டுக்கு வந்தபோது பேனா நின்றது. பத்துப் பதினைந்து வருஷத்தில் அந்த இடத்தில் அவர் ஒருமுறைகூட எழுதாத ஒன்றை எழுத வேண்டியிருந்தது. ‘இல்லை’ என்று எழுதினார். எழுத்துச் சரியாகத் தெரியவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தரம் அதன்மேலேயே எழுதினார்.

“வெல்லத்த சாப்புடுங்க பாயி. அன்னிக்கு கறுப்பு வெல்லத்த துப்பாம முழுங்குனீங்க. அத நானும் பாத்துக்கினுதான் இருந்தேன்” என்றாள் பச்சையம்மாள்.